மேலாளும் மேலாளரும் – புதிய தொழிலொன்றின் தமிழ்ச் சொற்கள்

ஒரு தொழிலில் புகுபவன் முதன்முதலாகக் கற்பது அத்தொழிலின் சொற்களையே. கை பழகுவதற்கு முன்னரே காது பழகிவிடுகிறது. தச்சுப் பட்டறையில் வளரும் சிறுவன் உளியை எடுத்து மரத்தில் வைப்பதற்குப் பல நாள் முன்பே, எது எந்த உளி என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கக் கற்றிருப்பான். சொல் தெரிந்தவனுக்கே வேலை சொல்லலாம்.

இதற்குச் சான்று தேடிச் சிங்கப்பூர்த் தமிழர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செட்டித் தெரு என்று தமிழர் நாவில் வழங்கிய மார்க்கெட் ஸ்திரீட்டில், ஒரு காலத்தில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859ஆம் ஆண்டில் எழுப்பிய சமூகம் அது. ஒரே கிட்டங்கியில் பல மார்க்காக்காரர்கள் ஆளுக்கொரு கைப்பெட்டியுடன் தரையில் அமர்ந்து தொழில் நடத்தினர். ஊரிலிருந்து கப்பலேறி வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு மேலாள் ஆவான். அந்த ஆண்டுகளில் அவனுக்குப் பாடநூல் எதுவும் இல்லை. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை, நிலுவை, தவணை, உண்டியல், நடப்பு வட்டி ஆகிய சொற்களே அவனுடைய பாடநூல். நடப்பு வட்டி என்றால் என்ன என்று அவன் அகராதியைப் பார்த்து அறியவில்லை. அந்தச் சொல் கேட்டவுடன் எந்த ஏட்டை எடுப்பது, யாரிடம் போவது என்று அறிந்தான். சொல்லின் பொருள் அவனுக்கு ஒரு செயலாக இருந்தது.

நகரச் சீரமைப்பில் அக்கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. கட்டடங்களோடு அச்சொற்களிற் பலவும் சிங்கப்பூர்த் தமிழர் பேச்சிலிருந்து மறைந்தன. இன்று அதே வட்டாரத்தில் தமிழ் இளைஞர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களிற் சிலர் பார்க்கும் வேலைக்குப் ‘புராடக்ட் மேனேஜ்மென்ட்’ என்று பெயர். பள்ளியில் பத்தாண்டுக்கு மேல் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் பயின்ற ஒருவர், வீட்டில் பாட்டி, “நீ என்ன வேலை பார்க்கிறாய், தம்பி?” என்று கேட்டால், “கம்ப்யூட்டர் வேலை, பாட்டி” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். தமிழ் தெரியாமையால் அன்று. அந்த வேலையைத் தமிழில் எவரும் அவருக்குச் சொல்லிக் காட்டாமையால். 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சிங்கப்பூரில் வசிப்போரில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரிதும் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020இல் அது 2.5 விழுக்காடாயிற்று. பகல் முழுதும் செய்த வேலையை இரவில் வீட்டில் சொல்ல முடியாத மொழி, வீட்டில் நிலைப்பது அரிது. ஆதலின் இத்தொழிலின் சொற்கள் தமிழாசிரியரின் கவனத்துக்கு உரியவை.

இத்தொழில் கணிப்பொறியோடு பிறந்ததன்று; சோப்போடு பிறந்தது. 1931ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், ‘புராக்டர் அண்ட் கேம்பிள்’ நிறுவனத்தில் வேலை பார்த்த நீல் மெக்கெல்ராய் என்ற 26 வயது இளைஞர், மூன்று பக்கக் குறிப்பொன்றை மேலிடத்துக்கு எழுதினார். அவர் கையிலிருந்த ‘காமே’ சோப்பு, அதே நிறுவனத்தின் ‘ஐவரி’ சோப்பின் நிழலில் வாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சோப்புக்கும் தனியே ஒருவர் பொறுப்பேற்று, அதை வாங்குவோர் யார், எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் என்று கண்டு, அதற்கு வேண்டியதைச் செய்விக்க வேண்டும் என்பதே அக்குறிப்பின் சாரம். மெக்கெல்ராய் பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைவரானார். 1957இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். அவர் வகுத்த முறை சோப்பிலிருந்து பல சரக்குகளுக்கும், பின்னர்க் கணினிச் செயலிகளுக்கும் பரவிற்று.

இனிச் சொற்களைக் காண்போம். முதற்சொல்லே தொல்லை தருவது. ‘புராடக்ட்’ என்பதைப் ‘பொருள்’ என்று பெயர்த்தால், பொருள் என்ற சொல் பண்டத்தையும் செல்வத்தையும் சொற்பொருளையும் ஒருங்கே குறிப்பதால் மயக்கம் உண்டாகிறது. ‘சரக்கு’ எனலாமோ என்றால், அது கடைக்காரனிடத்து இருப்பது, மூட்டையில் கட்டப்பட்டது, விற்றுத் தீர்ந்தால் கணக்கும் தீர்ந்தது. இத்தொழிலில் விற்ற பிறகுதான் கணக்கே தொடங்குகிறது. வாங்கியவர் அதைக் கொண்டு என்ன செய்தார், மறுநாளும் எடுத்தாரா என்பதே கேள்வி. ஆகவே ‘பயன்பொருள்’ என்று சொல்வது சாலப் பொருந்தும். பயன்படாதபோது அது பயன்பொருளும் அன்று என்ற எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது ‘மேனேஜர்’. இதற்கு மேலாளர் என்ற சொல் எங்கும் வழக்கூன்றிவிட்டது. கிட்டங்கியின் மேலாளுக்கு அது தகும். அவர் முதலாளியிடம் அதிகாரப் பத்திரம் பெற்று வந்தவர். கடன் கொடுக்கவும் மறுக்கவும் உரியவர். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவர் சொற்படி நடந்தனர். இப்புதிய தொழிலில் உள்ளவருக்கு அப்படி ஒருவரும் கீழே இல்லை. நிரல் எழுதுவோர் ஒருவருக்குக் கீழும், வடிவமைப்போர் மற்றொருவருக்குக் கீழும், விற்போர் வேறொருவருக்குக் கீழும் இருப்பர். இவர் எல்லாரிடமும் போய்க் காரணங்களைச் சொல்லி இணங்கவைக்க வேண்டியவர்; பயன்பொருள் கெட்டால் மட்டும் பழி இவரைச் சேரும். தம்மை ‘மேல் ஆள்’ என்று எண்ணிக்கொண்டு ஆணையிடத் தொடங்குகிறவர் இத்தொழிலில் விரைவில் தனியர் ஆகிவிடுவார். அவருக்குரிய பெயர் பொறுப்பாளர் என்பதே. பழைய சொல் ஒன்று எளிதிற் கிடைக்கிறது என்பதற்காக அதைப் புதிய வேலைக்குச் சூட்டுவதில் உள்ள இடர் இது.

மூன்றாவதாக, யாருக்கு என்ற கேள்வி. இங்கே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் உலவுகின்றன. தமிழில் அவற்றைப் பயனர், வாங்குநர், தெரிவோர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆசிரியர்களுக்கு இதை விளக்கப் பாடநூலே போதும். அதைத் தெரிவது கல்வித்துறை. பணம் கொடுத்து வாங்குவது பெற்றோர். நாள்தோறும் திறப்பது மாணவன். முதலிருவருக்கும் மனநிறைவு தந்து, மூன்றாமவனுக்கு உறக்கம் தரும் நூல்கள் உண்டு. பயனர் என்ற சொல்லைக் கற்றவர் அந்த மூன்றாமவனைத் தேடிப் போவார்.

இச்சொற்களை எல்லாம் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு ஒன்றைச் சிங்கப்பூர் மக்கள் கழுத்திலும் பையிலும் சுமந்து திரிந்தனர். கொவிட்-19 பரவியபோது, நோயுற்றவர் யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று கண்டறிய வேண்டியிருந்தது. அதுவரை அவரிடமே கேட்டு எழுதிவந்தனர். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரை யார் நினைவு வைத்திருக்கிறார்? அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பும் சுகாதார அமைச்சும் 2020 மார்ச் 20ஆம் நாள் ‘டிரேஸ்டுகெதர்’ செயலியை வெளியிட்டன. இரு கைப்பேசிகள் அருகருகே வந்தால் புளூடூத் அலைவழி ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இவ்விடத்துச் ‘சிக்கல்’, ‘தீர்வு’ என்ற இரு சொற்களையும் பிரித்தறிய வேண்டும். செயலி என்பது தீர்வு. சிக்கல், மறதி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியிருந்தால், செயலியை மேலும் மேலும் அழகுபடுத்துவதோடு வேலை நின்றிருக்கும். நடந்தது வேறு. ஐபோனில் அச்செயலி திரையில் திறந்திருந்தாலன்றிச் சரிவர இயங்கவில்லை. மின்கலமும் விரைவில் தீர்ந்தது. பதிவிறக்கம் செய்தவர் பலர், திறந்து வைத்தவர் சிலர் என்ற நிலை. திறன்பேசியே இல்லாத முதியவர்கள் கணக்கிலேயே வரவில்லை. நோய் வந்தால் பெரிதும் துன்புறுவோர் அவர்களே. அவர்களையே செயலி விட்டுவிட்டது. சிக்கலை மறவாதவர்கள் தீர்வை மாற்றினர். 2020 ஜூன் இறுதியில் முதியவர்களுக்குச் சிறு கருவி ஒன்று வழங்கப்பட்டது. செப்டம்பர் 14 முதல் நாடெங்கும் அது பரவிற்று. மின்னேற்றம் வேண்டா, திரை இல்லை, எதையும் அழுத்த வேண்டுவதில்லை. பையில் கிடந்தாற் போதும். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் பாட்டியை மனத்திற் கொண்டு செய்தது போன்ற பொருள் அது.

‘கூறு’ வேறு, ‘பயன்’ வேறு என்பதும் இதனால் விளங்கும். புளூடூத் என்பது கூறு. “நோயாளி அருகில் இருந்திருந்தால் உங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள்” என்பது பயன். விளம்பரம் எழுதுவோர் கூறுகளையே அடுக்குவர். பாட்டி கேட்பது பயனை. மாணவர் கட்டுரையிலும் இதே பிழை உண்டு. ஒரு பொருளை வருணிக்கச் சொன்னால் உறுப்புகளை வரிசையாக எழுதுவார்கள். எதற்கு ஆகும் என்று எழுதமாட்டார்கள்.

‘அளவை’ என்ற சொல்லுக்கு வருவோம். மக்களில் 70 விழுக்காட்டினர் செயலியையோ கருவியையோ பெற வேண்டும் என்பது, கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் மூன்றாம் கட்டத்துக்குச் செல்வதற்கென அரசாங்கம் வைத்த குறி. 2020 டிசம்பர் இறுதிக்குள் அக்குறி எட்டப்பட்டது. ஆயினும், வைத்திருப்போர் எத்தனை பேர் என்பது ஓர் அளவை; உடன் எடுத்துச் செல்வோர் எத்தனை பேர் என்பது வேறோர் அளவை; அதனால் எத்தனை தொடர்புகள் விரைந்து கண்டறியப்பட்டன என்பது மூன்றாவது. எளிதில் எண்ணக்கூடியதையே அளவையாகக் கொள்வது மனித இயல்பு. கேம்பல் லேன் பூக்கடையை நோக்குக. கடைக்காரர் பூவை வாங்குவது எடைக்கணக்கில், விற்பதோ முழக்கணக்கில். கூந்தலில் வைப்பவளுக்கு எடை எதற்கு? முழம் என்பது பயனரின் கையே அளவுகோலான அளவை. அத்தகைய அளவையைக் கண்டுபிடிப்பது இத்தொழிலின் அரிய வேலைகளுள் ஒன்று.

நம்பகம் என்பது சொற்பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாத சொல். இடம்பெறல் வேண்டும். அக்கருவித் தரவு நோய்த்தொடர்பு அறிதற்கு மட்டுமே என்று முதலில் சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 4ஆம் நாள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அதைப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டதும் பலர் மனங்கசந்தனர். பிப்ரவரி 2ஆம் நாளே புதிய சட்டம் நிறைவேறி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என அப்பயன்பாடு வரையறுக்கப்பட்டது. கருவியின் ஒரு கூறும் மாறவில்லை. சொல்லிய சொல் மாறிற்று என்பதே குறை. பயன்பொருளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வாக்கும் பயன்பொருளின் பகுதியே என்பதைச் சட்டம் இயற்றி நிலைநாட்ட வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில் அக்கருவிக்கு ஓய்வு கொடுக்கப்பட்டு, மக்கள் அதைச் சமூக மன்றங்களில் திருப்பித் தந்தனர். பயன்பொருளை முறையாக முடித்துவைப்பதும் இத்தொழிலில் ஒரு பணி. ஆங்கிலத்தில் அதைக் கதிரவன் மறைவாக உருவகிப்பர். தமிழில் ‘ஓய்வு’ என்றாலே போதும்.

சில சொற்களை விரைந்து கடந்துவிடலாம். ‘ரிலீஸ்’ வெளியீடு, ‘வெர்ஷன்’ பதிப்பு. இரண்டும் நூலுலகிலிருந்து வந்து நன்கு அமர்ந்துவிட்டன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபின், அடுத்த பதிப்புகளில் திருத்தியும் சேர்த்தும் வந்ததை அறிந்தவர்க்குப் பதிப்பு என்பதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ‘பிரையாரிட்டி’க்கு முன்னுரிமை என்ற சொல்லில் ‘உரிமை’ சற்று மிகையே. எனினும் வழக்கில் நிலைத்த சொல்லோடு மல்லுக்கு நிற்பது வீண்.

‘பேக்லாக்’ அப்படிக் கடந்துபோகத் தக்கதன்று. இதற்கு நிலுவை என்ற சொல் கையருகே இருக்கிறது; பலர் எடுத்தாளவும் செய்கின்றனர். ஆனால் செட்டித் தெருவில் நிலுவை என்றால் வசூலித்தே தீர வேண்டியது, அல்லது கொடுத்தே தீர வேண்டியது. இத்தொழிலில் அப்பட்டியலில் இருப்பவை செய்தே தீர வேண்டியவை அல்ல. யார் யாரோ கேட்டவை, சொன்னவை, தோன்றியவை எல்லாம் அதிற் சேரும். அவற்றுட் பெரும்பகுதியை அடித்துவிடுவதே பொறுப்பாளரின் திறமை. நிலுவை என்று பெயரிட்டால் அடிக்கக் கை எழாது. கடன் தீர்க்கும் மனத்தோடு எல்லாவற்றையும் செய்யத் தொடங்கி எதையும் முடிக்கமாட்டார். ‘காத்திருப்புப் பட்டியல்’ என்பதே ஏற்றது. காத்திருப்போர் எல்லார்க்கும் இடம் கிடைப்பதில்லை என்பதைப் பள்ளிச் சேர்க்கைக்கு நின்ற பெற்றோர் அறிவர்.

‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பதைப் பங்குதாரர் என்று எழுதுவது இன்னும் பெரும்பிழை. பங்குதாரர் முதல் போட்டவர். ஆதாயத்திலும் நட்டத்திலும் பங்குடையவர். ஆங்கிலச் சொல்லோ அம்முயற்சியால் நன்மையோ தீமையோ எய்தக்கூடிய அனைவரையும் குறிப்பது. டிரேஸ்டுகெதரில் தாதியரும், கடைவாசலில் நின்று சோதித்தவரும், தங்கும் விடுதிகளிலிருந்த வெளிநாட்டு ஊழியரும் அதில் அடங்குவர். அவர்கள் எவரும் பங்கு வைத்தவர் அல்லர். ‘தொடர்புடையோர்’ என்று எளிமையாகச் சொல்வதே தக்கது. ‘ரோட்மேப்’பைச் சாலை வரைபடம் என்பதும் இத்தகையதே. வரைபடம் உள்ள சாலையைக் காட்டுவது; இங்கே சாலை இனிமேல்தான் போடப்பட வேண்டும். செல்நெறி என்றால் தவறில்லை.

பிழைகளையே எண்ணிக்கொண்டிராமல், ஆங்கிலத்தினும் சிறந்து நிற்கும் தமிழ்ச் சொற்களையும் சொல்ல வேண்டும். ‘வெள்ளோட்டம்’ ஒன்று. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் வீதியில் ஓட்டிப் பார்ப்பது அது. இத்தொழிலார், முழுதும் முடிக்கும் முன்னரே, இயங்கத்தக்க சிறுவடிவம் ஒன்றைச் சிலர் கையிற் கொடுத்துப் பார்ப்பர். அதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் சேர்ந்த நீண்ட தொடரும் அதன் எழுத்துச் சுருக்கமும் வழங்குகின்றன. வெள்ளோட்டம் என்ற ஒரு சொல்லே அதைத் தாங்கும். தேரில் அலங்காரம் இராது. ஆனால் சக்கரம் சுழல வேண்டும். சக்கரமில்லாத அலங்காரத்தைக் காட்டி வெள்ளோட்டம் என்று எவரும் சொல்ல முடியாது.

மற்றொன்று ‘வாடிக்கை’. வந்த பயனர் நிலைத்திருக்கிறாரா என்பதை அளப்பதற்கு ஆங்கிலத்தார் தனிச்சொல் ஆக்கியுள்ளனர். வாடிக்கை என்பதன் முதற்பொருளே வழக்கம் என்பது. ஒருமுறை வந்தவர் வாடிக்கையாளர் ஆகார்; வழக்கமாக வருபவரே வாடிக்கையாளர். சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடைக்கு வருபவர் அரிசி சரியில்லை என்றால் சண்டையிடுவதில்லை. அடுத்த மாதம் அடுத்த கடைக்குப் போய்விடுவார். குறை கூறுவோர் சிலர். வாடிக்கை விட்டுப்போவோர் பலர். பின்னூட்டம் கேட்டுப் படிவம் கொடுப்பதோடு அமையாமல், யார் வரவில்லை என்று பார்க்கும் கடைக்காரரே இத்தொழிலை அறிந்தவர். 2021 மே மாதத்தில் கடைகளிலும் அலுவலகங்களிலும் நுழைய டிரேஸ்டுகெதர் கட்டாயமானது. அதன்பின் அதைப் பயன்படுத்தினோர் தொகை எவ்வளவு உயர்ந்திருப்பினும் அதற்கு வாடிக்கை என்ற பெயர் பொருந்தாது. வேறு கடை இருக்கும் தெருவில்தான் வாடிக்கை உண்டு.

இனி, ஆங்கிலச் சொல்லை அப்படியே ஏற்கலாகாதா என்று கேட்போர் உளர். ஏற்கலாம், வேலை அச்சொல்லைப் பிடித்துக்கொண்டால் அது தமிழாகிவிடும். மலாயாத் தோட்டங்களில் விடியலில் பெயர் கூப்பிடும் ‘பெரட்டு’ ஆங்கிலத்துப் ‘பரேடு’தான். பால்மரம் வெட்டப் போனவருள் அதை அயற்சொல் என்று எண்ணியவர் இல்லை. புளூடூத்தை நீலப்பல் என்று பெயர்த்து நகைப்புக்கு இடம் தரவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஒரு கருத்தைக் குறிக்கும் சொல்லைப் பொருளறியாது இரவல் வாங்கினால், சொல் வாயில் நிற்கும், வேலை நடவாது.

ஆக்கிய சொல் வெற்றி பெற்றதற்கும் சிங்கப்பூரே சான்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துத் தேசியக் கல்விக்கழகத்தில் ஆசிரியர்களுக்குத் தமிழ் பயிற்றியவர் நா. கோவிந்தசாமி. 1995ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கவிதைகளை உலக வலையில் தமிழெழுத்தில் ஏற்றிக் காட்டும் முயற்சியில் முன்னின்றார். ‘கணியன்’ என்ற எழுத்துமுறையை ஆக்கினார். 1997 மே மாதம் ‘தமிழ்நெட் 97’ மாநாட்டைச் சிங்கப்பூரிற் கூட்டினார். 1999இல் அவர் மறைந்தார். ‘இணையம்’ என்ற சொல்லை ஆக்கித் தந்தவர் என்று அவரைப் போற்றுவர். அச்சொல்லை அவர் பட்டியலில் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அதைப் பயன்படுத்த வேண்டிய பொருளையும் கூடவே செய்தார். அதனாலேயே சொல் நிலைத்தது.

எஞ்சியிருக்கும் சொற்களுள் ஒன்று ‘ஸ்பிரிண்ட்’. ஒன்றிரண்டு வாரம் என நாள் குறித்துக்கொண்டு, அதற்குள் முடிக்கத்தக்க வேலையை மட்டும் எடுத்து, கடைசி நாளில் முடிந்ததைக் காட்டும் முறை இது. விரைவோட்டம் என்று பெயர்த்தோர் உளர். ஆனால் இங்கே விரைவு முதன்மையன்று, கெடுவே முதன்மை. கிட்டங்கியில் கடனுக்கு இருந்தது தவணை. பள்ளியில் பாடத்துக்கு இருப்பதும் தவணை. ‘இந்தத் தவணையில் இவ்வளவு’ என்று சொன்னால் பெட்டியடிப் பையனுக்கும் மாணவனுக்கும் ஒருங்கே விளங்கும். வேலை மிகுந்துவிட்டால் அதிற் கொஞ்சத்தைக் காத்திருப்புப் பட்டியலுக்குத் திருப்பி அனுப்புவர். தவணை நாளைத் தள்ளிவைப்பதில்லை.